ஏடுகள் மறவாத பழவேற்காட்டுத் தாய்

மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம் திருப்பலியில் வாசிக்கப்படும்போது நம்மில் பலர் பொறுமை இழப்பதுண்டு. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று நீண்டு செல்லும் அப்பெயர்ப் பட்டியலில் என்ன சுவை இருக்கிறது என்று எண்ணுகிறோம். ஆனால் சற்றே கூர்ந்து நோக்கின் ஒரு வியப்பு புலப்படும். தந்தையர் பெயர்களே அடுக்கப்பட்ட அவ்வரிசையில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என நான்கு பெண்கள் இடம்பெறுகின்றனர். இறுதியில் நம் அன்னை மரியா வருகிறார். ரூத்து மோவாபு நாட்டவள். இராகாபு எரிகோ நகரத்தவள். இருவரும் அயல் இனத்தார். நான்காம் பெண்ணின் பெயரோ எழுதப்படவில்லை. கணவன் பெயரைக்கொண்டே அவள் குறிக்கப்படுகிறாள்.

வமிசாவளி தேடுவோர் அனைவரும் நினைவில் கொள்ளவேண்டிய பாடம் இது. தந்தைவழி எளிதில் எழுதப்படுகிறது. தாய்வழி மறைந்து நிற்கிறது. மறைந்து நிற்பதைத் தேடிக் காண்போர்க்கே குடும்பத்தின் முழு வரலாறும் கிட்டும். இவ்வுண்மையை நம் பழவேற்காட்டைவிடத் தெளிவாக விளக்கும் ஊர் தமிழகத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் தொலைவில், கடலுக்கும் ஏரிக்கும் இடையே அமைந்திருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியைச் சுற்றிலும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய மீனவச் சிற்றூர்கள் உள்ளன. இங்கே டச்சுக்காரர்கள், அதாவது நம் முன்னோர் ‘ஒல்லாந்தர்’ என்றழைத்தவர்கள், இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் உலகின் பல பகுதிகளில் வாழ்கின்றனர். தங்கள் மூதாதையரைத் தேடும் அவர்களின் ஏடுகளிலும் கனவுகளிலும் இவ்வூரின் பெயர் அடிக்கடி எதிர்ப்படுகிறது. அவ்வேடுகள் எவை? அவை சொல்லும் செய்தி யாது? ஏரிக்கரைக் குடும்பங்களுக்கும் நமக்கும் அதனால் என்ன பயன்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரிக்கரையில் எழுந்த கோட்டை

ஒல்லாந்தருக்கு முன்பே போர்த்துக்கீசியர் இங்கு வந்துவிட்டனர். 1515-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்து நினைவாக இன்றும் நிற்கிறது. 1602-இல் ஒல்லாந்து நாட்டு வணிகர்கள் ஒன்றுகூடிக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினர். 1610-இல் விசயநகர அரசிடம் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். அதனைப் பொறாத போர்த்துக்கீசியர் 1612-இல் சாந்தோமிலிருந்து வந்து தாக்கி அழித்தனர். மறு ஆண்டே, அதாவது 1613-இல், வெம்மர் ஃபன் பெர்க்கெம் என்பவரின் தலைமையில் ஒரு கோட்டை எழுந்தது. ஒல்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயரால் அதற்குக் ‘கெல்ட்ரியா’ என்று பெயரிட்டனர்.

1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையிலிருந்த ஒல்லாந்தர் நிலையங்கள் அனைத்திற்கும் பழவேற்காடே தலைநகராய் விளங்கிற்று. இங்கு நாணயம் அச்சிட்டனர், வெடிமருந்து செய்தனர். நம் நெசவாளர் கைவண்ணத்தில் உருவான துணிகள் இங்கிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேறின. ‘பலேகாட்டு’ லுங்கி என்னும் வழக்கு இவ்வூர்ப் பெயரின் மரூஉவே. நாம் நாள்தோறும் வழங்கும் ‘துட்டு’ என்னும் சொல்லும் ஒல்லாந்தரின் ‘டொய்ட்’ என்னும் சிறு செப்புக்காசிலிருந்து வந்ததே.

1781-இல் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பழவேற்காடு மட்டும் திரும்பக் கிடைத்தது. 1795-இல் அதுவும் மீண்டும் பறிபோயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினர். 1818-இல் ஊர் மட்டும் திருப்பித் தரப்பட்டு, 1825-இல் முற்றிலுமாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. கோட்டைக்குப்பம் என்னும் சிற்றூரின் பெயரில் மட்டும் அக்கோட்டை குடியிருக்கிறது.

கல்லில் எழுதிய பதிவேடு

மூதாதையரைத் தேடி வருவோர் முதலில் நாடுவது, இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தையே. அதன் வாயிலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று, மானிட வாழ்வின் நிலையாமையை வருவோர்க்கு உணர்த்துகின்றன. உள்ளே பெரும் கருங்கற்பலகைகளில் குலச்சின்னங்களும் எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இக்கல்வெட்டுகளைப் படிக்க ஒல்லாந்த மொழியில் புலமை வேண்டியதில்லை. சில சொற்களை அறிந்தாலே போதும். ‘ஹியர் லெய்ட் பெக்ராவன்’ என்றால் ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்’ என்று பொருள். ‘கோப்மன்’ என்பது வணிகர். ‘ஓண்டர்கோப்மன்’ துணை வணிகர். ‘ஒப்பர்கோப்மன்’ தலைமை வணிகர். இவை தொழிலைக் குறிப்பதோடு கம்பெனியின் பதவிப் படிகளுமாகும். ‘ஹைஸ்ஃப்ரௌ’ என்பது மனைவி; ‘வேதுவெ’ என்பது கைம்பெண். பெயருக்கும் ஊருக்கும் இடையே வரும் ‘ஃபன்’ என்னும் சிறு சொல் ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்று பொருள்படும். இச்சிறு சொல்லை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்க; பின்னர் இதுவே நமக்கு வழிகாட்டப்போகிறது.

இக்கல்லெழுத்துகளைக் காலத்தின் கையிலிருந்து காப்பாற்றிய அறிஞர்களை நன்றியோடு நினைக்கவேண்டும். சென்னை மாகாணத்திலிருந்த ஒல்லாந்தர் நினைவுச் சின்னங்களைப் பற்றி அலெக்சாந்தர் ரீ 1897-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்டார். வெயிலிலும் உப்புக்காற்றிலும் தேய்ந்துபோகும் எழுத்துகளுக்கு இந்நூல்கள் இரண்டாம் உயிர் அளித்துள்ளன.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. கல் நட வசதியுடையோர்க்கே கல் கிடைத்தது. பெருவணிகரும் அவர்தம் மனைவி மக்களுமே இங்கு பெயரோடு துயில்கின்றனர். சாதாரணச் சிப்பாயும் மாலுமியும் அடிமையும் கல்லின்றி மண்ணோடு மண்ணாயினர். அவர்களைத் தேடவேண்டின் காகிதத்தைத்தான் நாடவேண்டும்.

சம்பளக் கணக்கில் வாழும் மனிதர்கள்

ஒல்லாந்தக் கம்பெனியார் கணக்கெழுதுவதில் கைதேர்ந்தவர்கள். கப்பலேறிய ஒவ்வொருவனுக்கும் சம்பளப் புத்தகத்தில் தனிப்பக்கம் ஒதுக்கினர். அவன் பெயர், பிறந்த ஊர், பதவி, ஏறிய கப்பல், மாதச் சம்பளம், வாங்கிய கடன், தாயகத்திலிருந்த மனைவிக்கோ பெற்றோர்க்கோ அனுப்பச் சொன்ன பங்கு, இறுதியில் அவன் இறந்தானா, ஓடிப்போனானா, ஊர் திரும்பினானா என்பது வரை அதில் எழுதப்பட்டது. 1699 முதல் 1794 வரையிலான இப்புத்தகங்களிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் எடுக்கப்பட்டு, இன்று இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. இவற்றோடு, ஒவ்வொரு நிலையத்திலும் பணியாற்றியோரின் ஆண்டுப் பெயர்ப்பட்டியல்களும் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இங்கே தேடுவோர் எதிர்கொள்ளும் இடர்கள் இரண்டு. முதலாவது, பழவேற்காடு சிறந்து விளங்கிய காலம் 1690-க்கு முற்பட்டது. அக்காலத்துச் சம்பளப் புத்தகங்களோ பெரும்பாலும் எஞ்சவில்லை. ஆகவே அந்நாளைய மனிதர்களைக் கடிதங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் திருச்சபை ஏடுகளிலும்தான் தேடவேண்டும்.

இரண்டாவது, பெயர்ச் சிக்கல். அந்நாளில் ஒல்லாந்தின் எளிய மக்களுள் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. யானின் மகன் பீட்டர் ‘பீட்டர் யான்ஸ்’ ஆவான்; அவன் மகன் யான் ‘யான் பீட்டர்ஸ்’ ஆவான். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்ளும் தமிழர்க்கு இதில் வியப்பொன்றும் இராது! தலைமுறைதோறும் பெயர் மாறுவதால் வமிசம் தேடுவோர் வழி தவறுகின்றனர். நெப்போலியன் ஆட்சிக்காலத்தில் 1811-இல் குடிமைப் பதிவும் நிலையான குடும்பப் பெயரும் சட்டமாயின. 1850 முதல் ஊர்தோறும் வீடுவீடாகக் குடிப்பதிவேடு எழுதப்பட்டது. அதற்குப் பின் தேடல் எளிது. அதற்கு முன் திருச்சபை ஏடுகளே துணை.

மற்றொன்றும் அறியத்தக்கது. ‘ஒல்லாந்தர்’ என்று நாம் அழைத்தவர் எல்லாரும் ஒல்லாந்து நாட்டவர் அல்லர். கம்பெனியின் சிப்பாய்களுள் பெரும்பகுதியினர் ஜெர்மானியரும் பிற நாட்டினருமே. வறுமை துரத்தக் கூலிக்குக் கப்பலேறிய ஏழைகள் அவர்கள். மூதாதையர் ஒல்லாந்தப் பிரபு என்ற கனவோடு தேடத் தொடங்கியவர், ஏதோ ஒரு ஜெர்மானியக் கிராமத்து உழவன் மகனில் வந்து முடிவதும் உண்டு.

தாய் யார்?

இனி முதன்மையான கேள்விக்கு வருவோம். ஒல்லாந்திலிருந்து இங்கு வந்த பெண்கள் மிகச் சிலரே. ஆண்களுள் பலர் இந்நாட்டுப் பெண்களையும், போர்த்துக்கீசியர் வழிவந்த கலப்பினப் பெண்களையும் மணந்தனர். மணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தோரும் உண்டு. திருமணம் கோவிலில் நடைபெற வேண்டுமாயின் மணமகள் முதலில் திருமுழுக்குப் பெறவேண்டும். அப்போது அவளுடைய பிறவிப் பெயர் மறைந்து மரியா, கத்தரீனா, அன்னா என்னும் பெயர்களுள் ஒன்று எழுதப்படும். அவள் தந்தை யார், தாய் யார், எந்தக் குடியினள் என்பதை எழுதுவார் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் எஞ்சும். முன்னர் நாம் கண்ட ‘ஃபன்’ என்னும் சொல்லின் பின்னே ‘பலியகட்டா’ என்றிருந்தால் அவள் பழவேற்காட்டுப் பெண். ‘டெ குஸ்ட்’ என்றிருந்தால் இக்கரையில் ஏதோ ஓர் ஊரினள்.

இப்பெண்களுள் பலர் விரும்பிக் கப்பலேறியவர் அல்லர். பழவேற்காட்டு வரலாற்றின் இருண்ட பக்கம் இது. இதை மூடி மறைத்தல் தகாது. துணியும் வெடிமருந்தும் ஏற்றிய அதே துறையில் மனிதரையும் ஏற்றினர். போரும் பஞ்சமும் சூழ்ந்த ஆண்டுகளில், பெற்ற பிள்ளைகளையும் தம்மையுமே விற்று உயிர் பிழைக்கும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். தரகர்கள் அவர்களைத் திரட்டிக் கம்பெனியாரிடம் கொடுத்தனர். 1646-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது மட்டும் இக்கரையிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். இன்றைய ஜகார்த்தா நகரே அந்நாளைய பத்தாவியா. அங்கிருந்தும் நேரடியாகவும் பலர் இலங்கைக்கும், ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அரிசி மூட்டைகளைப்போல் எண்ணிக்கையாக மட்டுமே எழுதப்பட்ட அம்மனிதர்களுள் எத்தனைபேர் இவ்வேரிக்கரையினர் என்பதை இறைவன் ஒருவனே அறிவான்.

பெரிய கத்தரீனா

அவர்களுள் ஒருத்தியின் வாழ்வு மட்டும் ஏடுகளில் தெளிவாக எஞ்சியிருக்கிறது. ‘குரோட்டெ கத்ரைன் ஃபன் பலியகட்டெ’, அதாவது ‘பழவேற்காட்டைச் சேர்ந்த பெரிய கத்தரீனா’ என்பது அவளுக்கு இடப்பட்ட பெயர். ஏறத்தாழ 1631-இல் பிறந்தவள். பெற்றோர் இட்ட பெயர் யாதென எந்த ஏடும் சொல்லவில்லை. அடிமையாகப் பத்தாவியாவில் வாழ்ந்துவந்தாள்.

1656-இல் அவளோடு உறவு கொண்டிருந்த மலபாரைச் சேர்ந்த ஓர் அடிமை அவளைத் தாக்கினான். அவள் தன்னைக் காத்துக்கொள்ள முயன்றபோது அவனுக்கு ஏற்பட்ட காயம் சில நாளில் அவன் உயிரைக் குடித்தது. நீதிமன்றம் அவளுக்கு மரணதண்டனை விதித்தது. பின்னர், தற்காப்புக்காக நிகழ்ந்தது எனக் கருதியோ என்னவோ, மேலிடத்தார் அத்தண்டனையை ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைத்தனர். அத்தீர்ப்பு எழுதப்பட்டதனாலேயே அவள் வரலாற்றில் இடம்பெற்றாள். அவளைச் சாகடிக்கவேண்டும் என்று எழுதிய ஏடே அவளைச் சாகாமல் வைத்தது!

1657-இல் அவள் நன்னம்பிக்கை முனையில் இறக்கப்பட்டாள். ஒல்லாந்தர் அங்குக் குடியேறி ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. கோட்டையில் தலைவர்களின் துணிகளை வெளுக்கும் பணி அவளுக்கு வாய்த்தது. 1669-ஆம் ஆண்டின் திருமுழுக்கு ஏட்டில் அவள் மகன் கிறிஸ்தோஃபலின் பெயர் காணப்படுகிறது. அவன் தந்தை ஹன்ஸ் கிறிஸ்தோஃபல் ஸ்னைமன் என்னும் சிப்பாய். அவனும் ஒல்லாந்தன் அல்லன், ஜெர்மானியன். கத்தரீனாவைக் காண இரவில் காவலை விட்டுச் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டவன். 1671-இல் கத்தரீனா வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்றிருந்த அந்தோனி என்பவனை மணந்தாள். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் அவள் மறைந்தாள்.

மகன் கிறிஸ்தோஃபல் ஸ்னைமன் வளர்ந்து, சமயக் கொடுமைக்கு அஞ்சி வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் மகளை மணந்தான். மர்கெரீத் தெரேஸ் தெ சவோய் என்பது அவள் பெயர். அவ்விருவர் வழியாகத் தழைத்ததே இன்று தென்னாப்பிரிக்காவில் பெருகி வாழும் ஸ்னைமன் குடும்பம். ஒல்லாந்த மொழியிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, தம்மை ஐரோப்பியர் வழிவந்தோர் எனக் கருதிவந்த அக்குலத்தின் மூலத்தாய், பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஓர் அடிமைப் பெண்!

தூய இரத்தம் என்னும் பொய்

இவள் ஒருத்தி மட்டுமல்லள். நன்னம்பிக்கை முனையின் புகழ்பெற்ற ஆளுநர் சீமோன் ஃபன் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டி மோனிக்கா, இந்தியக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுப் பின் விடுதலை பெற்ற பெண். ஸ்டெல்லன்பாஷ் என்னும் நகரம் அவ்வாளுநர் பெயரால் இன்றும் வழங்குகிறது.

இச்செய்திகளின் கனத்தை உணர, அந்நாட்டின் பிற்கால வரலாற்றை நினைத்தல் வேண்டும். 1950-இல் தென்னாப்பிரிக்க அரசு குடிமக்கள் பதிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒவ்வொரு மனிதனையும் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர் என்று வகுத்துப் பதிவேட்டில் எழுதியது. எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் பயில்வது, யாரை மணப்பது என்பதையெல்லாம் அப்பதிவே முடிவு செய்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஓர் இனம், தம்பி வேறோர் இனம் என எழுதப்பட்ட கொடுமையும் நிகழ்ந்தது. அச்சட்டம் 1991-இல்தான் நீக்கப்பட்டது.

அச்சட்டம் வலுவோடிருந்த 1984-ஆம் ஆண்டில் ஹன்ஸ் ஹேசே என்னும் வரலாற்றறிஞர், 1652 முதல் 1795 வரை அங்கு நடந்த கலப்பு மணங்களைப் பழைய ஏடுகளிலிருந்து திரட்டி நூலாக்கினார். வெள்ளையர் எனப் பெருமை பேசிய பல குடும்பங்களின் மூலத்தாய்மார் இந்தியரும் ஆப்பிரிக்கரும் கீழ்த்திசைத் தீவினரும் என்று அந்நூல் எடுத்துரைத்தது. நாடெங்கும் பரபரப்பு எழுந்தது; சிலர் சீறினர். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட திருமுழுக்கு ஏட்டை யாரால் மறுக்கமுடியும்? மனிதரைப் பிரிக்க ஒரு பதிவேடு எழுதப்பட்டது. அவர் அனைவரும் உறவினரே என்பதை மற்றொரு பதிவேடு காட்டியது.

குலத்தூய்மை பேசுவோர் தென்னாப்பிரிக்காவில் மட்டுமா இருக்கின்றனர்? நம் ஊர்களிலும், ஏன், நம் ஆலயங்களிலும் கல்லறைகளிலும்கூடக் குலத்தைக் காட்டி மனிதரைப் பிரித்த வரலாறு நமக்கு உண்டு. ஏழு தலைமுறை எங்கள் குலம் கலப்பற்றது என்று மார்தட்டுவோர், அவ்வேழு தலைமுறைத் தாய்மாரின் பெயர்களைச் சொல்லட்டும் பார்ப்போம்!

இலங்கைத் தோம்புகள்

அண்டை நாடாகிய இலங்கையில் ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பைக் கைப்பற்றி, 1796 வரை ஆண்டனர். அங்கு அவர்கள் எழுதிய பதிவேடுகளைத் ‘தோம்பு’ என்பர். நிலத்திற்கு ஒரு தோம்பு. மக்களுக்கு ஒரு தோம்பு. ஊர்ப்பள்ளியைச் சார்ந்த கிறிஸ்தவர்களின் திருமுழுக்கு, திருமணம் முதலியவை பள்ளித் தோம்பில் எழுதப்பட்டன. கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை பாதுகாக்கப்படுகின்றன. அந்நாட்டில் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர், 1908-இல் ஒரு சங்கம் அமைத்துத் தம் குடும்ப வமிசாவளிகளைக் காலாண்டிதழில் ஆண்டுக்கணக்காக அச்சிட்டு வந்தனர். இலங்கையின் முதல் அரசு ஆவணக் காப்பாளரான ஆர். ஜி. அந்தோனிஸ் அச்சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பணிபுரிந்தோர் இலங்கைக்கும் மாற்றப்பட்டதால், இக்கரையில் வழி தொலைத்தவர் அக்கரையில் அதைக் கண்டெடுப்பது இயல்பே.

நாம் எங்கே தேடுவது?

நம் குடும்பத்திலும் அப்படி ஒரு கதை உண்டே என்று எண்ணும் வாசகர்கள் இருக்கலாம். தாத்தாவின் கண் பூனைக்கண், பாட்டியின் நிறம் சிவப்பு, ஆகவே நாம் பரங்கியர் வழிவந்தோர் என்று வீட்டில் பேசக் கேட்டிருப்போம். கண்ணும் நிறமும் சான்றாகா. பெயரும் சான்றாகாது. முத்துக்குளித்துறையில் 1530-களில் பரதவர் பெருந்திரளாய்த் திருமறை தழுவியபோது பெர்னாந்து, கோமஸ் முதலிய போர்த்துக்கீசியப் பெயர்களைப் பெற்றனர். அது ஞானத்தந்தையர் வழி வந்த பெயர். இரத்தத்தின் வழி வந்ததன்று. ஆதலால் பெயரைக்கொண்டு பிறப்பைக் கணித்தல் பிழையாகும்.

சரியான வழி, அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிப் படிப்படியாகச் செல்வதே. முதலில் உயிரோடிருக்கும் முதியோரிடம் பெயர்களையும் ஊர்களையும் கேட்டு எழுதிக்கொள்க. பின்பு பங்கு ஆலயத்தின் ஏடுகளை நாடுக. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் திருமண ஏடு வைத்திருக்கவேண்டும் என்று பங்குக்குருக்களுக்கு ஆணையிட்டது. பழவேற்காட்டுக் கோட்டை எழுந்த மறு ஆண்டாகிய 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஐந்து ஏடுகளைக் குறிப்பிட்டது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகிய நான்கோடு, ‘ஆன்மாக்களின் நிலை’ என்னும் ஐந்தாவது ஏடும் உண்டு. வீடுவீடாகச் சென்று, அங்கு வாழ்வோர் அனைவரையும் பெயரும் வயதும் குறித்து எழுதும் குடிக்கணக்கு அது. நவீன அரசாங்கங்கள் மக்கள்தொகை எண்ணத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே திருச்சபை தன் மக்களைப் பெயர் சொல்லி எழுதக் கற்றிருந்தது.

ஒல்லாந்தர் தொடர்பு உண்டென்று பங்கு ஏடு காட்டினால், அடுத்து நாடவேண்டியது சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கொச்சியிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்து சேர்ந்த ஒல்லாந்த ஆவணங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அங்கு உள்ளன. நம்மவர்க்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. இவ்வாவணங்களை முதன்முதல் படித்து அச்சேற்றியவர்களுள் மில்ஹில் சபையின் மறைப்பணியாளர்களும் இருந்தனர். கலேத்தி என்னும் ஆங்கில அரசு அதிகாரியோடு அருட்தந்தையர் ஃபன் டெர் பர்க், குரோட் ஆகிய இருவரும் உழைத்து, மலபாரில் ஒல்லாந்தரைப் பற்றிய நூலை 1911-இல் சென்னையில் வெளியிட்டனர். ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய நகரங்களில் உள்ள கம்பெனி ஆவணங்கள் அனைத்தையும் 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

எழுதுவோர் கையில் இருக்கிறது

ஏரிக்கரை மீனவரிடமும் ஒரு பதிவேடு உண்டு. ‘பாடு’ என்னும் முறைப்படி ஏரியின் மீன்பிடி இடங்களைச் சீட்டுக்குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அவர்தம் மரபு. யாருக்குப் பாடு உண்டு என்பதை ஊரார் கணக்கு வைத்திருப்பர். தந்தையின் உரிமை மகனுக்கு வரும். இதுவும் ஒருவகை வமிசாவளியே. எனினும் இங்கும் தந்தைவழிதான் எண்ணப்படுகிறது. வலையைப் பின்னியும், மீனைக் கூடையில் சுமந்து விற்றும் குடும்பத்தைக் காத்த தாயின் பெயர் அக்கணக்கில் ஏறுவதில்லை.

ஆகவே வாசக அன்பர்களே, பங்கு ஏடுகளை வெறும் சான்றிதழ் எடுக்கும் புத்தகமாக எண்ணவேண்டா. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535-ஆம் சட்டம், பங்கு ஏடுகளைச் செவ்வனே எழுதிப் பேணவேண்டும் என்பதோடு, பழைய ஏடுகளையும் கருத்தாய்க் காக்கவேண்டும் என்கிறது. கரையானும் கடற்காற்றும் நம் கரையோரப் பங்குகளின் ஏடுகளுக்கு நாள்தோறும் ஊறு செய்கின்றன. பழைய ஏடுகளை நகலெடுத்து வைக்கப் பங்குத்தந்தைக்கு உதவுவது பங்குப் பேரவையும் இளைஞரும் மேற்கொள்ளத்தக்க நற்பணி.

குழந்தையின் திருமுழுக்கை எழுதும்போது தாயின் பெயரையும், அவள் பெற்றோர் பெயரையும், பிறந்த ஊரையும் முழுமையாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள். வீட்டிலுள்ள விவிலியத்தின் முதல் பக்கத்தில் பாட்டியின் பெயரையும் அவள் பாட்டியின் பெயரையும் எழுதிவையுங்கள். வேலைக்காரியாகவோ அகதியாகவோ அயலாளாகவோ வந்து குடும்பத்தில் கலந்தவள் இருப்பின், அவள் பெயரை முதலில் எழுதுங்கள்.

பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றப்பட்ட பெண்ணுக்கு அவள் தாய் இட்ட பெயர் என்னவென்று இனி எவராலும் சொல்ல இயலாது. ஓர் எழுத்தர் தன் கோலை எடுத்து அவள் ஊர்ப் பெயரை எழுதியதனால்தான், முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் அவள் பிள்ளைகள் தம் தாயகம் இதுவென்று அறிகின்றனர்.